வெளியவே சுத்திட்டு இருந்த மாமாவ எப்படி நினைவுல வச்சிக்கிறது

எங்க மாமா போய் மூணு வருஷம் ஆகப்போகுது. மனுஷன் வீட்டுக்குள்ள உக்காந்து நான் பாத்ததே கம்மி, விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு பைய மாட்டிக்கிட்டு கிளம்பிடுவாரு, காடோ கரையோ குன்றோ எதுவா இருந்தாலும் சரி, வெயில் ஏறினப்புறம்தான் திரும்புவாரு, கூட வர்றேன்னு யார் சொன்னாலும் கூட்டிட்டு போவாரு. குரல ஒசத்தி பேசி நான் கேட்டதே இல்ல. அப்படிப்பட்டவர ஒரு ஃப்ரேமுக்குள்ள போட்டு சுவத்துல மாட்டினப்போ எனக்கு என்னமோ சரியாவே படல, காத்துல திரிஞ்ச ஆள கண்ணாடி போட்டு அடைச்ச மாதிரி இருந்துச்சு. அதனால வேற என்னென்னமோ செஞ்சு பாத்தோம். சிலது சொதப்புச்சு, சிலது நல்லா வந்துச்சு. உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருந்து போயிருந்தா, நாங்க சொதப்பினத நீங்க சொதப்ப வேணாமேன்னு தான் இத எழுதுறேன். சடங்கு, சம்பிரதாயம் அதெல்லாம் அவங்கவங்க வழக்கம், அதுக்குள்ள நான் வரல.

முதல்ல ஃபோன், ஏன்னா அதுக்குத்தான் கெடு இருக்கு

ஷூ, பை, நோட்டு எல்லாம் ஒரு மூலையில கிடக்கும், ஒண்ணும் அவசரம் இல்ல. ஆனா ஃபோன் அப்படி இல்ல. ரீசார்ஜ் பண்ணாம விட்டா நம்பர் கொஞ்ச நாள்ல கட் ஆகி வேற யாருக்கோ போயிடும், அந்த நம்பர்ல இருந்த வாட்ஸ்அப்பும் அதோட போச்சு. கூகுள் அக்கவுண்ட்ட ரெண்டு வருஷம் யாரும் தொடலன்னா அதுல இருக்குற ஃபோட்டோ, மெயில் எல்லாத்தையும் அழிச்சிடலாம்னு 2023ல ரூல் போட்டுட்டாங்க. அதனால முதல் மாசத்துலயே, அழுகை ஓயறதுக்கு முன்னாடியேன்னு கூட சொல்லுவேன், வீட்ல கொஞ்சம் டெக்னிக்கலா தெரிஞ்ச ஒருத்தர்கிட்ட இந்த வேலைய ஒப்படைச்சிடுங்க. ஃபோன ரீசெட் பண்ணி யாருக்கும் குடுக்காதீங்க, எவ்ளோ நல்ல ஃபோனா இருந்தாலும் சரி.

வாட்ஸ்அப்ல அவர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ்தான் தங்கம். எங்க மாமா டைப் பண்ணவே மாட்டாரு, எல்லாமே வாய்ஸ்தான், பின்னாடி ஏதோ ஒரு பறவை கத்திட்டே இருக்கும், மூச்சு வாங்கிட்டே "இங்க ஒண்ணு கத்துது கேக்குதா"ன்னு கேப்பாரு. குடும்பத்துல ஒவ்வொருத்தர் ஃபோன்லயும் இந்த மாதிரி சிதறி கிடக்கும், எல்லார்கிட்டயும் கேட்டு வாங்குங்க. சாட்டுக்குள்ள போய் எக்ஸ்போர்ட் குடுத்து மீடியாவோட எடுத்தா தேதியோட வந்துடும். ஃபோட்டோ கேட்டு வாங்கும்போது டாக்குமெண்ட்டா அனுப்ப சொல்லுங்க. சாதாரணமா அனுப்பினா வாட்ஸ்அப் அத சுருக்கிடும், அதோட ஃபோட்டோக்குள்ள இருக்குற தேதி, இடம் எல்லாம் உதிர்ந்துடும். வெளிய சுத்தின ஆளோட ஃபோட்டோவுக்கு அந்த இடம்தான பாதி விஷயம்.

ஃபேஸ்புக்ல நினைவு அக்கவுண்ட்டா மாத்துற வசதி இருக்கு, ஆனா மாத்தினதுக்கு அப்புறம் யாராலயும் உள்ள லாகின் பண்ண முடியாது, அதனால எடுக்க வேண்டியத எடுத்துட்டு மாத்துங்க. ஆப்பிள்ல லெகசி காண்டாக்ட்னு ஒண்ணு இருக்கு, கூகுள்ல இன்ஆக்டிவ் அக்கவுண்ட் மேனேஜர்னு ஒண்ணு, நமக்கு அப்புறம் நம்ம அக்கவுண்ட்ல இருக்குறத யார் எடுக்கலாம்னு சொல்லி வைக்கிறது, ரெண்டுமே ஆள் உயிரோட இருக்கும்போதே போட்டு வைக்க வேண்டியது. மாமா விஷயத்துல அந்த வண்டி போயிடுச்சு. உங்க வீட்ல இன்னும் காலங்காத்தால கிளம்பிப் போற யாராவது இருந்தா, இன்னைக்கே உக்கார வச்சு போட்டுடுங்க, சங்கடமாத்தான் இருக்கும், பரவால்ல.

சேத்து வச்சத மூணு காப்பியா, ரெண்டு வேற வேற மாதிரி இடத்துல, அதுல ஒண்ணு வேற வீட்ல வைங்க. நாங்க ஒரு ஹார்ட் டிஸ்க் அத்தைகிட்ட, ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு ஆன்லைன்ல.

அவர் சாமான்

இதுலதான் நாங்க நல்லா அடி வாங்கினோம். முதல் வருஷம் மாமா வழக்கமா போற குன்றுக்கு எல்லாரும் போலாம்னு முடிவு பண்ணி, மாமாவோட ட்ரெக்கிங் ஷூவ அவர் பையன் போட்டுக்கிட்டான், சைஸ் ஒண்ணுதான், அத்தைக்கும் அதப் பாத்து கண்ணு கலங்கிடுச்சு. அரை கிலோமீட்டர் கூட போயிருக்க மாட்டோம், வலது கால் சோல் நடுவுல பிளந்து நாக்கு மாதிரி தொங்குது, உள்ள இருந்து பிஸ்கட் தூள் மாதிரி கொட்டுது, இடது காலும் அடுத்த பத்து நிமிஷத்துல. பையன் முகத்த பாக்கணுமே, அப்பாவோட ஷூவ நான் ஒடச்சிட்டேன்னு. அவன் ஒடைக்கல. அந்த மாதிரி ஷூக்கள்ல நடு சோல் பாலியூரித்தேன்னு ஒரு ப்ளாஸ்டிக் நுரைல பண்றது, காத்துல இருக்குற ஈரமே அத உள்ளுக்குள்ள அரிச்சிடும், போடாம அஞ்சாறு வருஷம் சும்மா வச்சிருந்தாலே வெளிய பளபளன்னு இருக்கும், உள்ள தூளாயிருக்கும். அதனால பழைய ஷூவ போட்டுட்டு போகணும்னு ஆசை இருந்தா முதல்ல விரலால சோல் ஓரத்த நல்லா அழுத்தி பாருங்க, வெடிப்பு தெரிஞ்சா அது அலமாரிக்குத்தான். வேணும்னா லேஸ மட்டும் உருவி உங்க ஷூல போட்டுக்கலாம், இப்ப அவன் அப்படித்தான் போட்டிருக்கான்.

பைனாக்குலர் இருந்தா தோல் கேஸ்ல இருந்து வெளிய எடுங்க, முதல் வேலை. தோல் ஈரத்த இழுத்து வச்சிக்கும், லென்ஸ்ல பூஞ்சை பிடிச்சு சிலந்தி வலை மாதிரி கோடு விழும், ரொம்ப நாள் விட்டா கண்ணாடி மேல இருக்குற பூச்சையே தின்னுடும். காத்து போகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டு போட்டு வைங்க. நீங்களே ஸ்க்ரூ கழட்டி தொடைக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க, ரெண்டு குழாயும் ஒரே நேர்ல நிக்கிறது கொஞ்சம் தப்பினாலும் பாக்குறவங்களுக்கு தலைவலிதான் மிச்சம். டார்ச்ல இருந்து பேட்டரிய எடுத்துடுங்க, அதுக்குள்ள ஒழுகி வெள்ளையா பூத்திருந்தா பஞ்சுல ரெண்டு சொட்டு வினிகர் தொட்டு தொடைச்சா போயிடும், ஒழுகுறது காரம், அதுக்கு புளிப்புதான் மருந்து. கையில பட விடாதீங்க. டெண்ட், ஸ்லீப்பிங் பேக் எல்லாம் இறுக்கி சுருட்டி வைக்காம தளர்வா ஒரு பெரிய துணிப் பையில போட்டு வச்சா இன்னும் ரொம்ப வருஷம் ஓடும்.

என் கருத்து, எல்லாத்தையும் கட்டி வைக்க வேணாம். யூஸ் பண்றவங்ககிட்ட பிரிச்சு குடுங்க. மாமாவோட பை இப்ப பக்கத்து வீட்டு பையன்கிட்ட இருக்கு, அதுல இப்ப புது கறை எல்லாம் ஆயிருக்கு, அதப் பாத்தா எனக்கு சந்தோஷமா இருக்கு.

மரம் நடுறதப் பத்தி

எல்லாரும் முதல்ல சொல்றது இதுதான். நாங்களும் நட்டோம். இருபது பேர், ஃபோட்டோ, கைதட்டல், எல்லாம் ஆச்சு, தண்ணி ஊத்துறது யாருன்னு யாரும் பேசல. நாலாவது மாசம் போய் பாத்தா குச்சி நிக்குது. ஒரு தடவ இழந்தது போதாதுன்னு ரெண்டாவது தடவ இழந்த மாதிரி ஆயிடுச்சு, அத்தைக்கு ரொம்ப நாள் நாங்க சொல்லவே இல்ல.

அதனால என் ரூல் ஒண்ணுதான். நடக்குற தூரத்துல, ரெண்டு வருஷம் தண்ணி ஊத்துறேன்னு வாய் திறந்து சொன்ன ஒரு ஆள் இருந்தா நடுங்க, இல்லன்னா வேணாம். நடும்போது குழிய ஆழமா தோண்டாதீங்க, அகலமா தோண்டுங்க, வேர் உருண்டைய மாதிரி ரெண்டு மூணு மடங்கு அகலம், ஆழம் அதே அளவுதான். தண்டு வேராகி விரியற இடம் மண்ணுக்கு மேல தெரியணும், அத புதைச்சிட்டா மரம் உடனே சாகாது, மெதுவா அழுகி அஞ்சு வருஷம் கழிச்சு சாகும், அது இன்னும் கொடுமை. காஞ்ச இலை, வைக்கோல் எதையாவது சுத்தி பரப்புங்க, ஆனா தண்டுல ஒட்டாம ஒரு கை அளவு இடம் விட்டு. அந்த மண்ணுலயே இயற்கையா வளர்ற மரமா பாருங்க, அழகா இருக்குன்னு எங்கிருந்தோ வந்தத நட வேணாம்.

இன்னொண்ணு, சில பேர் அஸ்திய மரக்குழியில போட்டு மேல கன்னு வைக்கலாம்னு நினைக்கிறாங்க. நினைப்பு அழகாத்தான் இருக்கு, ஆனா அந்த சாம்பல்ல காரமும் உப்பும் ரொம்ப ஜாஸ்தி, அப்படியே கொட்டினா இளம் வேர் கருகிடும். கொஞ்சூண்டு எடுத்து நிறைய மண்ணோட கலந்து தள்ளி போடுங்க.

ஆள் இல்லையா, ஏற்கனவே நிக்குற ஒரு மரத்த அவர் மரம்னு வச்சிக்கோங்க. அவர் வழக்கமா முதுக சாய்ச்சு உக்காந்த மரம் ஒண்ணு இருக்காதா என்ன. அதுல ஆணி அடிச்சு பேர் போர்டு மாட்டுறது, நைலான் கயிறு கட்டுறது மட்டும் வேணாம். மரம் பெருக்கும், கயிறு பெருக்காது, கொஞ்ச வருஷத்துல பட்டைக்குள்ள இறங்கி கழுத்த நெரிச்சிடும். மலை உச்சில கல்லு அடுக்குறதும் அப்படித்தான், கல்லுக்கு அடியில குடியிருக்குற பூச்சி பல்லி எல்லாம் வீடு இல்லாம போகும், பல இடத்துல கல்லடுக்குதான் வழி காட்டுற அடையாளம், நீங்க ஆசையா அடுக்கினத பாத்து எவனோ வழி தப்புவான். மாமா பாத்திருந்தா ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டாரு, ஒவ்வொண்ணா எடுத்து பழைய இடத்துலயே வச்சிருப்பாரு.

நோட்டு

இப்ப சொல்லப்போறதுதான் எனக்கு முக்கியம், மத்ததெல்லாம் கூட நீங்க விட்டுடலாம்.

வெளிய சுத்துறவங்க நிறைய பேர் ஏதாவது ஒண்ணு எழுதி வைப்பாங்க. நோட்டு, காலண்டர் ஓரம், ஃபோன்ல நோட்ஸ், புத்தகத்தோட கடைசி பக்கம், எங்கயாவது இருக்கும், தேடுங்க. எங்க மாமாவுக்கு சின்ன பாக்கெட் நோட்டு, மொத்தம் பதினாலு, எல்லாம் பென்சில்ல. பென்சில் ரொம்ப நல்ல விஷயம், தண்ணி பட்டாலும் ஓடாது, வருஷக் கணக்கா மங்காது. தேதி, கிளம்பின நேரம், திரும்பின நேரம், என்ன பாத்தாரு, கடைசியா குறிப்புன்னு ஒரு கட்டம். அவ்ளோதான். உணர்ச்சிகரமா ஒரு வரி கிடையாது.

முதல்ல ஒவ்வொரு பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்துல, ஃப்ளாஷ் போடாம, நேர் மேல இருந்து ஃபோட்டோ எடுங்க. ஒட்டிக்கிட்ட பக்கத்த பிச்சு எடுக்காதீங்க. நடுவுல செருகி வச்சிருக்குற இலை, இறகு, டிக்கெட் எதையும் எடுத்து தனியா வைக்காதீங்க, அது எந்தப் பக்கத்துல இருந்துச்சோ அதுவும் தகவல்தான். அப்புறம் பேப்பர் ஃபோட்டோ இருந்தா ஸ்கேன் பண்ணும்போது 600 டிபிஐ வைங்க, பழைய ஒட்டுற ஆல்பத்துல மாட்டிக்கிச்சுன்னா பல்லுக்கு நடுவுல விடுற நூலால அடியில மெதுவா அறுத்து எடுங்க, பின்னாடி எழுதணும்னா பேனா வேணாம், மெத்துன பென்சில்.

பறவை லிஸ்ட் இருந்தா அத சும்மா விட்டுடாதீங்க. 2002ல இருந்து ஈபேர்ட்னு பறவை லிஸ்ட் போடுற வெப்சைட் ஒண்ணு இருக்கு, கார்னெல் பல்கலைக்கழகத்தோட பறவை ஆய்வுக்கூடம் நடத்துறது, அதுல பழைய தேதி போட்டும் லிஸ்ட் ஏத்தலாம், எத்தன பறவைன்னு தெரியலன்னா எண்ணிக்கைக்கு பதிலா எக்ஸ் போட்டா போதும். உங்க அக்கவுண்ட்ல போடாதீங்க, நீங்க பாத்ததும் அவர் பாத்ததும் கலந்துடும், தனியா ஒண்ணு ஆரம்பிங்க. அவர் கையெழுத்துல தெளிவா இல்லாதத நீங்களா ஊகிச்சு போட வேணாம். கூடு எங்க இருந்துச்சுன்னு அவர் துல்லியமா எழுதி வச்சிருந்தா அத வெளிய சொல்லாதீங்க, அவரும் சொல்லியிருக்க மாட்டாரு.

இதுல மாமாவப் பத்தி ஒரு விஷயம் எனக்கு தெரிய வந்தது இந்த நோட்ட டைப் பண்ணும்போதுதான். 1892ல நெய்ஸ்மித்னு ஒரு ஸ்காட்லாந்து மலையேறி ஒரு கணக்கு சொன்னாரு, 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோட 600 மீட்டர் ஏத்தத்துக்கு ஒரு மணி நேரம் சேத்துக்கோன்னு, இன்னைக்கும் நடக்குறவங்க அதத்தான் யூஸ் பண்றாங்க. மாமாவோட குன்று வழி 6 கிலோமீட்டர், ஏத்தம் 300 மீட்டர், கணக்கு போட்டா ஒரு மணி 42 நிமிஷம் வரும். நோட்டுல மாமா தனியா போன நாள்ல எல்லாம் ஒண்ணே முக்கால், ஒண்ணு அம்பதுன்னு இருக்கு. "பசங்க வந்தாங்க"ன்னு போட்ட நாள்ல மூணு மணி நேரம், மூணேகால். குறிப்புல ஒரே வரி, "நல்லா இருந்துச்சு". அந்த ஒன்றரை மணி நேரம் எங்க போச்சுன்னு யோசிச்சேன். அவர் அடிக்கடி குனிஞ்சு ஷூ லேஸ் கட்டுவாரு. சின்ன வயசுல நாங்க சிரிப்போம், மாமாவுக்கு லேஸ் கூட ஒழுங்கா கட்டத் தெரியலன்னு. எங்கள்ல யாருக்கு மூச்சு வாங்கினாலும் அவர் லேஸ்தான் அவுந்துச்சு. இத நாப்பது வயசுல ஒரு நோட்ட வச்சு கணக்கு போட்டு கண்டுபிடிச்சிருக்கேன் பாருங்க.

சரி, நோட்ட காப்பி எடுத்தாச்சு, அப்புறம்? அதுல எழுதுங்க. ஒரிஜினல்ல எழுத மனசு வரலன்னா அதே மாதிரி ஒரு நோட்டு வாங்கி பதினஞ்சுன்னு நம்பர் போடுங்க. இங்கிலாந்துல ராபர்ட் மார்ஷம்னு ஒருத்தர், நார்ஃபோக்ல இருந்தவரு, 1736ல இருந்து முதல் இலை எப்ப துளிர்த்துச்சு, முதல் தகைவிலான் குருவி எப்ப வந்துச்சு, தவளை எப்ப கத்த ஆரம்பிச்சுதுன்னு எழுதிட்டே வந்தாரு, 1797ல அவர் போனப்புறமும் அவரோட சந்ததி 1958 வரைக்கும் எழுதியிருக்காங்க. ஒரே குடும்பம், இருநூறு வருஷத்துக்கு மேல. இன்னைக்கு பருவம் எப்படி மாறியிருக்குன்னு பாக்குறவங்க அந்த நோட்ட எடுத்து வச்சுதான் பாக்குறாங்க. அந்த அளவுக்கு நமக்கு வேணாம், வருஷத்துக்கு நாலு வரி போதும்.

வருஷம் ஒரு நடை

இறந்த தேதியிலதான் போகணும்னு இல்ல. அந்த தேதி எந்த பருவத்துல வருதோ, அது மாமாவுக்கு பிடிச்ச பருவமா இருக்கணும்னு என்ன அவசியம். நோட்ட புரட்டி அவர் எந்த மாசம் அதிகமா போயிருக்காருன்னு பாத்து அதுல ஒரு நாள் வைங்க, எல்லாருக்கும் ஞாபகத்துல நிக்குற துக்க நாள் வேற, இது வேற.

நேரம் போடும்போது நெய்ஸ்மித் கணக்கப் போட்டு அத ரெண்டால பெருக்குங்க, சின்னது பெருசு எல்லாம் வர்ற கூட்டத்துக்கு அதுதான் சரி. எத்தன மணிக்கு எங்க இருந்தாலும் திரும்பிடணும்னு முன்னாடியே பேசி வச்சிக்கோங்க, உச்சிய தொட்டே ஆகணும்னு யாரும் அடம் பிடிக்கக் கூடாது. மெதுவா நடக்குறவங்க முன்னாடி, வேகமா போறவன் கடைசி, இது மாத்த முடியாத ரூல். வாண்டு ஒண்ணுகிட்ட நோட்டயும் பென்சிலயும் குடுத்துடுங்க, வேலை இருந்தா கால் வலிக்காது அதுங்களுக்கு.

பேச்சு, உரை எல்லாம் வேணாம். கதை வேணும்னா நடக்கும்போதே ஒருத்தர்கிட்ட கேளுங்க, உக்கார வச்சு மைக்க நீட்டி "அவரப் பத்தி சொல்லுங்க"ன்னா எல்லாரும் ரொம்ப நல்ல மனுஷன்னு சொல்லிட்டு நிறுத்திடுவாங்க. "அவர் பையில என்னென்ன இருக்கும்?"னு கேளுங்க, ஒவ்வொருத்தர் ஒண்ணொண்ணு சொல்லுவாங்க, சண்டையே வரும், எங்க வீட்ல விசில் நீலமா சிவப்பான்னு அரை மணி நேரம் போச்சு. ஃபோன்ல ரெக்கார்ட் பண்றதா இருந்தா காத்துக்கு முதுக காட்டி நில்லுங்க, இல்லன்னா மைக்ல புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து மட்டும்தான் இருக்கும். ஒரு இடத்துல பத்து நிமிஷம் யாரும் பேசாம உக்காருங்க. அத அஞ்சலின்னு சொல்லாதீங்க, என்ன கத்துதுன்னு கேக்கலாம்னு சொல்லுங்க, தானா அமைதியாயிடுவாங்க.

இந்த வருஷம் நாங்க ஒம்பது பேர். நோட்டு என் தங்கச்சி பொண்ணு கையில, ஏழு வயசு, அவதான் இருக்குறதுலயே மெதுவா. வீட்டுக்கு வந்து வாங்கி பாத்தேன். கிளம்பினது 6.10, திரும்பினது 9.40, மீன்கொத்தி 1, மயில் சத்தம், பெரிய எறும்பு நெறய. குறிப்புல இப்படி எழுதியிருந்தா: "பாட்டி மூணு தடவ லேஸ் கட்ட நின்னாங்க. பாட்டி ஷூல லேஸே இல்ல."